மூன்று தட்டு

காளிதாஸின் வலது கையும் பேச்சும் கார்த்திகை மாதத்தில் ஒரே காலையில் நின்றுபோயின. தை பிறந்தபோது கை கொஞ்சம் அசைந்தது. பேச்சு வரவில்லை.

திருவாடானைக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில், தன் வீட்டு முன்னறையில் அவர் பதினோரு வருடம் ஆங்கில டியூஷன் நடத்தினார். சுவரில் பச்சை வர்ணம் அடித்துப் பலகையாக்கியிருந்தார். அதில் மூன்று கட்டம். இன்றைக்கு, நேற்று, நாளைக்கு. கருவேலங்குச்சியால் பெஞ்சை மூன்று தட்டுத் தட்டிவிட்டு, ‘ஐ வாக், ஐ வாக்ட், ஐ வில் வாக்’ என்று ஆரம்பிப்பார். இருபது பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். கடைசியில் ஒரு ‘ட்’ சேர்த்தாலே நேற்றுக்குப் போய்விடும் சாதுவான சொற்கள்தான் முதலில். அடங்காத சொற்களைப் பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். பொங்கல் கழிந்தது. பிள்ளைகள் வேறிடம் போய்விட்டார்கள்.

அவர் மனைவி இராமலட்சுமி எட்டாவது வரை படித்தவள். அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டே அந்த வரிசை முழுக்க அவளுக்குப் பாடம். பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. பாடத்தின் நடுவில், “லட்சுமி, சாக்பீஸ்!” என்று குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. மீதி எதையும்விட அது இல்லாததுதான் வீட்டைப் பெரிதாக்கிவிட்டிருந்தது.

பரமக்குடியில் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டர் பானுப்பிரியா தெளிவாகச் சொல்லியிருந்தாள். “புத்தியெல்லாம் அப்படியேதான் இருக்குக்கா. நெனைக்கிறது வாய்க்கு வந்து சேர மாட்டேங்குது. தெனம் வாய்ப்பாடமாச் சொன்னது எதாச்சும் இருந்தா சொல்ல வச்சுப் பாருங்க. பாட்டு, எண்ணிக்கை, எதுன்னாலும். மொத ஆறு மாசம் முக்கியம்.”

ஒன்று இரண்டு எண்ணிப் பார்த்தாள். திருவாசகம் சொல்லிப் பார்த்தாள். அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அக்கரையில் நிற்பவரைப் பார்ப்பதுபோல.

மாசியில் ஒரு மத்தியானம், அவர் கட்டிலில் படுத்திருக்க, முன்னறையைப் பெருக்கினாள். குச்சி கையில் தட்டுப்பட்டது. பெஞ்சுக்கு அடியில் ஓடிய பல்லியை விரட்ட அதை எடுத்துப் பெஞ்சில் தட்டினாள். மூன்று தட்டு.

“ஐ வாக்,” என்றது கட்டில்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம்.

“ஐ வாக்ட். ஐ வில் வாக்.” குரல் துருப்பிடித்திருந்தது. ஆனால் நிற்கவில்லை. குக், குக்ட். வாஷ், வாஷ்ட். ஓப்பன், ஓப்பண்ட். சுவரில் எழுதியிருந்த வரிசை முழுவதும் வந்தது. இராமலட்சுமி குச்சியோடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் திருப்பாலைக்குடியிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் பாக்கர் வாசலில் நின்று அந்தப் பாடத்தைக் கேட்டார். அவர் மகன் இந்த டியூஷனில் படித்தவன். “அல்லா கிருபை! வாத்தியாரே, என்னைய அடையாளம் தெரியுதா?”

காளிதாஸ் வாயைத் திறந்தார். மூடினார். இராமலட்சுமி குச்சியால் தட்டினாள். உடனே, “ஐ வாக்.”

“சரியாப் போச்சு. நான் மீன் விக்க வந்தா என்னையும் நடக்கச் சொல்றாரே,” என்று பாக்கர் சிரித்தார். காளிதாஸின் கண்கள் நிறைந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “தப்பா எடுத்துக்கிறாதீக வாத்தியாரே.”

அவருக்கு எல்லாம் தெரிந்தது, அதுதான் கொடுமை. தொண்டை வறண்டபோதும் வாயில் வந்தது பாடம்தான். ஒருமுறை இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று இராமலட்சுமி மிளகாய் பறிக்கப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சை இழுத்துப்போட்டுத் தட்டினாள்.

“குக்,” என்றாள்.

“குக்ட். வில் குக்.”

“வாஷ்.”

“வாஷ்ட். வில் வாஷ்.”

தட்டும் வேகத்தை மாற்றாமல், மூச்சுக்கூட விடாமல், “தண்ணி,” என்றாள்.

“தண்ணிட். வில் தண்ணி.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சொன்னது தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் உளறினால் வரும் அந்த முகச்சுளிப்பு, கோணிய வாயிலும் அப்படியே வந்தது. பிறகு அது சிரிப்பாக மாறியது.

“இருக்கட்டுங்க. தண்ணிட்டோ கிண்ணிட்டோ, எனக்கு வெளங்குதுல்ல?” என்று சொம்பை எடுத்து வந்தாள்.

பங்குனிக்குள் சோறு வந்தது, விசிறி வந்தது, மருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த ‘ட்’ வால்போல ஒட்டியிருந்தது. தட்டினால்தான் வந்தது, அவள் எடுத்துக்கொடுத்தால்தான் வந்தது. தன் பெயரை மட்டும் அவள் அந்த வரிசையில் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்து, வராமல் போய்விட்டால்? வந்தாலும், அது அவள் சொல்லி அவர் திருப்பிச் சொன்னதுதானே.

ஒருநாள் காலை சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மிளகாய்க் காட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் பாக்கர் மொபெட்டை நிறுத்தி மீன்கூடையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கடல் காற்று அதிகமாக இருந்தது. அவள் நான்கு எட்டு வைத்திருப்பாள்.

உள்ளே கட்டில் சட்டத்தில் தட்டும் சத்தம் கேட்டது. இடது கை, மெதுவாக. ஒன்று. இரண்டு. மூன்று.

“லட்சுமிட்!”

அவள் நின்றாள்.

பாக்கர் கையில் மீனோடு வீட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “வாத்தியாரு யாரக் கூப்புடுறாரு தங்கச்சி?”

“என்னயத்தாண்ணே,” என்றாள்.

திரும்பி வந்து உள்ளே போனாள். காளிதாஸ் வியர்த்திருந்தார். அவர் விரல் அடுப்படி வாசலைக் காட்டியது. அங்கே அவள் எடுக்க மறந்த சோற்றுத் தூக்கு இருந்தது.