சாயக்கையால் எழுதிய கடிதம்

எங்கள் சாயப்பட்டறையில் இருபது பேர் வேலை செய்தார்கள். வெளியூரில் யாராவது கேட்டால் இருநூறு என்பேன். ஒரு சுழி கூடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. கேட்கிறவருக்கும் பெரிய இடத்து ஆளோடு பேசிக்கொண்டிருக்கிற திருப்தி கிடைக்கும். பட்டறை திருப்பூரிலிருந்து முதலிபாளையம் போகிற வழியில் இருந்தது. கைருதீனாகிய நான் அங்கே டைம் ஆபீஸ். யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதியே ஓய்வு பெற்றவன்.

அந்த வருஷம், அதாவது தொண்ணூற்றொன்றில், ஐரோப்பா முழுக்கக் கறுப்புப் பனியன் கேட்டது. ஜெர்மனிக்காரிகள் அடுத்த குளிர்காலத்துக்கு என்ன நிறம் உடுத்தப்போகிறார்கள் என்பது எங்கள் ஊர் ஓடைவாத்துகளுக்கு ஆறு மாசம் முன்பே தெரிந்துவிடும். அவை அந்த நிறத்தில்தான் நீந்தியாக வேண்டும். அந்த வருஷம் வாத்தெல்லாம் காக்கையாகிவிட்டது. பட்டறையில் தூக்குப்போசி கறுப்பு, டீ கிளாஸ் கறுப்பு, சோற்றில் போட்ட தயிரே கறுப்பு. முதலாளி சாமியப்பன் வெள்ளை வேட்டியோடு உள்ளே வருவார். வெளியே போகும்போது சபரிமலைக்கு மாலை போட்டவர் மாதிரிப் போவார். கொஞ்ச நாளில் கறுப்பு என்ற நிறமே எங்கள் கண்ணில் படாமல் போயிற்று.

அங்கே தொட்டி வேலை பார்த்தவன் ராக்கையா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தான். அவள் கருத்தம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஊருக்குள் கால் வைத்தால் அந்தக் காலை எடுத்துவிடுவதாக அவளுடைய அண்ணன் வெள்ளையன் சொல்லியனுப்பினான். ஆடி முடிவதற்குள் ஒரு வழி தெரியவில்லை என்றால் பெரியவர்கள் உட்கார்ந்து உறவை அத்துவிடுவதாகவும் பேச்சு. கருத்தம்மா மட்டும் ஒரு வாசல் திறந்து வைத்திருந்தாள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன், அதே ஊரிலிருந்து எங்கள் பட்டறையில் துணி பிழியும் வேலைக்கு வந்திருந்த பெரியகருப்பன்.

"வாயால சொல்றத நம்ப மாட்டாளாம். குடிக்க மாட்டேன்னு உங்கையால எழுதிக் காயிதம் போடுவியாம். நாலு பேரு முன்னால படிச்சுக் காட்டிட்டு வாரேன்னுது."

"பாய எழுதச் சொல்லட்டுமா?" என்றான் ராக்கையா.

"பாய் எழுதுனா பிரிக்கவே மாட்டாளாம். போன தடவ அவரு எழுதுன காயிதத்துல நீ அவள நெனச்சு ரத்தமா வாந்தி எடுத்தேன்னு இருந்துச்சாம். பதறிப் போயி ஓடியாந்தா, நீ புரோட்டா தின்னுக்கிட்டு இருந்திருக்க."

அது உண்மைதான். நான் எழுதும் கடிதங்களில் யாரும் சாதாரணமாக இருந்ததில்லை. "நலம், நலமறிய அவா" என்று தொடங்கினால் அடுத்த வரியிலேயே ஆளைச் சாகக் கிடத்திவிடுவேன். அப்புறம்தான் ஊரிலிருந்து பதில் வரும்.

ஆக, ராக்கையாவே எழுத உட்கார்ந்தான். தொட்டி காலியாகும் நேரத்தில் என் மேஜைக்கு வந்தான். இன்லண்டு லெட்டர் என்னிடமே இருந்தது.

"நலம், நலமறிய அவான்னு போடு," என்றேன்.

"நான் நலமா இல்லையே பாய்."

"யாருமே நலமா இல்லப்பா. இருந்தாலும் எல்லாரும் போடுவாங்க."

"அவ சிரிப்பா. வேணாம்."

அதற்கு மேல் என்னைப் பக்கத்தில் விடவில்லை. இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவன். ஒவ்வொரு எழுத்தையும் தொட்டியிலிருந்து ஈரத்துணி இழுப்பதுபோல் இழுத்தான். என் மேஜை ஃபேன் ஆளையே தூக்கிக்கொண்டு போய் அவிநாசியில் போடக்கூடியது. தாள் பறந்தது. ஒரு மூலையை அழுத்தினால் மறுமூலை எழும்பியது. எழுதி முடித்து மடித்தான். இன்லண்டில் தடவியிருக்கும் கோந்து எந்தக் காலத்தில் ஒட்டியது? நாக்கால் நக்கி, கட்டைவிரலை வைத்து மூலை மூலையாக ஊன்றி அழுத்தினான். முன்னும் பின்னும் அழுத்தினான். பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முகவரி சரியாக இருந்தது. ஊர்ப்பெயர், வட்டம், மாவட்டம், எல்லாம் சரி. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவனே பெட்டியில் போட்டான்.

அன்றிலிருந்து அவன் குடிக்கவில்லை. சம்பள நாளன்றும் குடிக்கவில்லை. திருப்பூரில் சம்பள நாளன்று குடிக்காத ஆளைப் பார்க்கப் பெருமாநல்லூரிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு ஜனம் வந்தது என்று நான் சொல்வேன். ஒரு நாலு பேராவது வந்தார்கள். சாமியப்பனே என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க பாய், ராக்கையனுக்கு ஒடம்புக்கு ஏதுங்களா?"

"பொண்டாட்டி வாராளுங்க."

"அப்புடிங்களா. வரட்டும் வரட்டும். காம்பவுண்டுக்குள்ள ஒரு ரூம் சும்மாதான கெடக்குது, சுண்ணாம்பு அடிச்சுக்கச் சொல்லுங்க."

ராக்கையா சுண்ணாம்பு அடித்தான். அந்த அறைச் சுவரிலும் அவன் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு. அப்போதும் எங்கள் மண்டையில் உறைக்கவில்லை.

ஆடி கழிந்தது. திருவிழாவுக்கு ஊருக்குப் போன பெரியகருப்பன் திரும்பி வந்தான். நேராகத் தொட்டிக்குப் போகாமல் என் மேஜைக்கு வந்து நின்றான். ராக்கையா அவனைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"எங்கடா அவ? பின்னால வாராளா?"

பெரியகருப்பன் அவன் கையையே பார்த்தான்.

"ஏண்டா அப்படி ஒரு காயிதம் போட்ட?"

"எப்படிப் போட்டேன்?"

"நாலு மூலையிலயும் கருப்பத் தடவி. எழவு சொல்ற மாதிரி."

ராக்கையா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"தெருமுனையில வச்சு போஸ்ட்மேன் வெள்ளையன்ட்டக் குடுத்துருக்காரு. உம்பேரு இருக்கு, மூலையில கருப்பு இருக்கு. உசுரோட இருக்கவளுக்கு எழவுக் காயிதம் போட்டுட்டான், எந்தங்கச்சி செத்துப்போனான்னு எழுதிட்டான்னு அங்கனக்குள்ளயே கிழிச்சுட்டான். கருப்புத் தடவுனத யாரு வீட்டுக்குள்ள கொண்டு போவா?"

"பிரிச்சே பாக்கலயா?"

"இல்ல. கருத்தம்மா ஓடிப்போயி ஒரு துண்ட எடுத்துப் பாத்துருக்கா. அதுல ஒரு மூலைதான் இருந்துச்சாம். உங்கையெழுத்துன்னு அவளுக்குத் தெரியும்ல. பேசாம உள்ள போயிட்டாளாம்."

"சாயம்னு நீ சொல்ல வேண்டியதுதானடா?"

"நான் போறதுக்கு முன்னாடியே பெரியவுக உக்காந்து துரும்பக் கிள்ளிப் போட்டு அத்து விட்டுட்டாக. சொன்னேன். அவங்க அம்மா ஒச்சம்மா என்னையத்தான் வஞ்சுச்சு. கையில ஒட்டுற சாயம் காயிதத்துல மூலை பாத்தா ஒட்டும்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

முதலாளி லீவு கொடுத்தார். ராக்கையா போகவில்லை. இன்னொரு கடிதம் எழுதுகிறேன் என்றான். ப்ளீச்சிங் பவுடரைக் குழைத்துக் கையைத் தேய்த்தான். தோல்தான் உரிந்தது, நகக்கண்ணில் கறுப்பு அப்படியே நின்றது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு எழுதினான். கோந்து ஒட்டி முகவரி எழுதும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தான். என் கை சுத்தம். மாவில் தோய்த்தது போல் வெள்ளையாகப் போனது அந்தக் கடிதம்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. 'வாங்க மறுப்பு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கூடவே பெரியகருப்பனுக்கு ஊரிலிருந்து சேதி: கருத்தம்மாவுக்குத் தேனிப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு முதல் தாரம் தவறிப்போனதாம், பிள்ளையோடு வரட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

ராக்கையா கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். என்னிடமே திருப்பி நீட்டினான்.

"படிங்க பாய்."

"நீ எழுதுனதுதானப்பா."

"அதான். யாராச்சும் படிக்கட்டும்."

பிரித்தேன். சத்தமாகப் படித்தேன். என் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"கருத்தம்மா. நான் குடிக்கல. பாய்கிட்டக் கேட்டுப் பாரு. அவரு எதையும் பத்தாக்கிச் சொல்லுவாரு, நீ பாதிய நம்பு போதும். என் கை கறுப்பா இருக்கு. அது சாயம். நான் உன்னச் சாகச் சொல்லல. அடிச்சது தப்பு. இங்க ஒரு ரூமு இருக்கு, சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். சன்னல் சின்னது. பிள்ளைக்கு ஒரு மஞ்சப் பனியன் எடுத்து வச்சிருக்கேன். பழுதுன்னு ஒதுக்குன பீசு, தோளுல ஒரு ஓட்டை இருக்கு. நீ தச்சுக்கலாம். இப்படிக்கு ராக்கையா."

யாரோ யாருக்கோ எழுதியதைக் கேட்பது போல் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான்.

"ஓட்டை தோளுல இல்ல பாய். கக்கத்துல. தப்பா எழுதிட்டேன்."

"அதனால என்னப்பா."

"ஆமா. இனி என்ன."

தொட்டியில் அடுத்த கறுப்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது. சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு உள்ளே போனான்.