பிக்கப்புக்கு ஒரு மரத் தொட்டி

தேங்காய் மூட்டையை இழுத்து இறக்கிக்கொண்டிருந்த தாவூத்தின் வலது கால், பிக்கப் வண்டியின் பின் தொட்டித் தகட்டைக் கிழித்துக்கொண்டு முழங்கால்வரை உள்ளே போனது. கிள்ளான் பாசாரில் அன்று நல்ல சந்தைக் கூட்டம். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். சிராய்ப்போடு போயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டை வழியே தெரிந்த சாலையைப் பார்த்தபோது, இனி இந்தத் தொட்டியை நம்பி ஒரு தேங்காய்கூட ஏற்ற முடியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. எஞ்சின் இன்னும் கல் மாதிரி இருந்தது. தேங்காய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து தகட்டைத்தான் தின்றுவிட்டிருந்தன.

பக்கத்து வீட்டு வேலாயுதம் வெல்டிங் வேலை செய்பவர். சாயங்காலம் வந்து சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பாய், இது தகடு இல்ல, அப்பளம். வெல்டிங் வெச்சா ஓட்டைதான் பெரிசாகும்."

"வேற தொட்டி கிடைக்குமா?"

"இந்த மாடலுக்கு எங்க கிடைக்கப் போகுது? மரத்துலயே போட்டுக்குங்க லா. பழைய லோரியெல்லாம் மரந்தானே? நீளம் அகலத்தை மட்டும் மாத்தாதீங்க. ரோட்டுப் போக்குவரத்து ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போய்க் காட்டி அனுமதி வாங்கிடலாம்."

மறுநாளே வேலாயுதம் துருவேறிய போல்ட்டுகளை அறுத்துத் தள்ளினார். பழைய தொட்டியைக் கழற்றிய பிறகு, வண்டி வேட்டி அவிழ்ந்த மனிதன் மாதிரி வெறும் சட்டத்தோடு வாசலில் நின்றது. தாவூத் மெராந்தி மரப் பலகைகளை வாங்கிப் போட்டார். ரம்பமும் டிரில்லும் வேலாயுதம் கொடுத்தார். கையில் பென்சிலோடு பலகைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான், எங்கே தொடங்குவது என்று தனக்குத் தெரியவில்லை என்பது தாவூத்துக்குத் தெரிந்தது.

அப்போதுதான் மஹ்ஜபீன் வெளியே வந்தாள்.

அவருடைய ஒரே தங்கை. நோன்புக்குச் சற்று முன்னால், ஒரு பையோடு காஜாங்கிலிருந்து வந்து இறங்கியவள். அவள் புருஷன் ஷபீர், யாருக்கும் சொல்லாமல் தாய்லாந்து எல்லையைத் தாண்டிப்போய் இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டு வந்திருந்தான். மஹ்ஜபீன் சண்டை போடவில்லை. மணவிலக்குக் கேட்டாள், கிடைத்தது. அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் மனைவி ரசியா மச்சியோடு சமையலைப் பார்த்தாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். தாவூத்துக்குத் தங்கைமேல் இருந்த பாசமெல்லாம் "சாப்பிட்டியா புள்ள?" என்ற கேள்வியோடு நின்றுவிடும். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாது.

வந்த புதிதில் ஒருமுறை அவளாகவே அண்ணனிடம் வாய் திறந்தாள். "நானா, என் தையல் மெஷின் அங்கேயே கெடக்கு. போய் எடுத்துட்டு வந்திடலாமா?"

"அவன் வீட்டு வாசல்ல நான் போய் நிக்கணுமா? விடு. புதுசு வாங்கித் தரேன்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் மறந்துபோனார்.

இப்போது அவள் பலகையின் மறுமுனையைப் பிடித்தாள். அவர் போட்டிருந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது கோணலா இருக்கு நானா" என்றாள். உள்ளே போய் டேப்பையும் சாக்குக்கட்டியையும் எடுத்துவந்தாள். பழைய காகிதங்களை ஒட்டி வண்டியின் சட்டத்தின் மேல் விரித்து, சக்கரம் வரும் இடத்தையும் போல்ட்டு வரும் இடத்தையும் குறித்து, கத்தரியால் வெட்டி எடுத்தாள். ரவிக்கைக்கு வெட்டுகிற மாதிரி வண்டிக்கு ஒரு காகிதத் துண்டு!

வேலாயுதம் சிரித்துவிட்டார். "தங்கச்சி, கை வைக்கணுமா, கை இல்லாமலா?"

"கழுத்து மட்டும் எறக்கமா வைங்கண்ணே" என்றாள் மஹ்ஜபீன்.

சமையலறை ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த ரசியா, அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். இத்தனை மாதத்தில் மஹ்ஜபீன் வேடிக்கையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து பாசார் முடிந்து வந்ததும் அண்ணனும் தங்கையும் வாசலில் இருப்பார்கள். கனமான குறுக்குச் சட்டங்களை முதலில் வைத்தார்கள். இரும்பும் மரமும் நேராக உரசாமல் இருக்க நடுவில் பழைய டயர் ரப்பரை வெட்டிப் போட்டார்கள். மேலே பலகைகளை அடுக்கும்போது, தண்ணீர் வடிய இடைவெளி விட வேண்டும் என்றார் தாவூத். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு மரக்குச்சியைச் செருகிவைத்து, அத்தனையும் ஒரே அளவில் வரும்படி மஹ்ஜபீன் பார்த்துக்கொண்டாள். மரத்தூள் அவள் முக்காட்டிலும் புருவத்திலும் படிந்திருக்கும். துடைத்துக்கொள்ள மாட்டாள். தங்கையின் மனசு இந்த வேலையில் ஆறிக்கொண்டு வருகிறது என்று தாவூத் நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குச் சுகமாக இருந்தது. அவளுக்கு வேலை கொடுத்தது தான்தான் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பக்கப் பலகைகளில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மூன்று பக்கமும் போல்ட்டு போட்டு இறுக்கிவிட்டால் போதும், பின்கதவு மட்டும் திறந்தால் சரி என்றார் அவர்.

"இடது பக்கம் அப்படியே ஒரே துண்டா கழண்டு வரணும்" என்றாள் அவள். "வேலாயுதண்ணே, கீழ இரும்புப் பை மாதிரி நாலு வெல்டிங் வெச்சுக் குடுப்பீங்களா? தூக்கினா வரணும், சொருகினா நிக்கணும்."

"தேங்காய்க்கு எதுக்குப் புள்ள இவ்வளவு?"

"இருக்கட்டும் நானா."

அதோடு விடவில்லை. அந்த இடது பக்கப் பலகைக்கு மட்டும் பின்னால் நெருக்கமாகக் கட்டைகள் அடித்தாள். ஆள் ஏறிக் குதித்தாலும் தாங்கும் போலிருந்தது. கனம் கூடுகிறதே என்று தாவூத் முணுமுணுத்தார். ஆனாலும் தடுக்கவில்லை. கடைசியில் எண்ணெய் பூசிக் காயவிட்டபோது மரம் தேன் நிறத்துக்கு வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அனுமதியும் கைக்கு வந்தது.

"திங்கக்கிழமை பந்திங் போய் தேங்காய் ஏத்திட்டு வந்துடலாம்" என்றார் தாவூத், ஞாயிற்றுக்கிழமை காலைத் தேநீரின்போது.

"அதுக்கு முன்னால இன்னிக்குக் காஜாங் போகணும் நானா." மஹ்ஜபீன் அவரைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்துச் சொன்னாள். "ஷபீர்கிட்ட நேத்தே போன்ல சொல்லிட்டேன். நீங்க வரலன்னா பரவால்ல. சாவி மட்டும் குடுங்க, நானே ஓட்டிட்டுப் போறேன்."

தாவூத் பதில் சொல்வதற்குள் ரசியா சாவியை எடுத்து மஹ்ஜபீன் முன்னால் வைத்துவிட்டாள். வைத்துவிட்டுப் புருஷனையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் போனார். ஓட்டியது மஹ்ஜபீன்தான். வழியெல்லாம் அவருக்கு அந்த மனிதனின் முகத்தைப் பார்த்தால் தன் கை சும்மா இருக்குமா என்பதே யோசனையாக இருந்தது.

ஷபீர் இருந்தது பழைய வரிசை வீடு. சாலைக்கும் வாசலுக்கும் நடுவே அகலமான லோங்காங், திறந்த சாக்கடை, ஓடியது. அதன் மேல் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குத்தான் சிமெண்டுப் பாலம். சந்து ஒடுக்கமாக இருந்ததால் வண்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசலுக்குக் கொடுக்கவும் வழியில்லை. மஹ்ஜபீன் வண்டியை லோங்காங்கை ஒட்டி, இடது பக்கம் வீட்டைப் பார்க்க நிறுத்தினாள். இறங்கினாள். இடது பக்கப் பலகையைத் தூக்கி எடுத்து, கட்டைகள் கீழே இருக்கும்படி பாலத்தை ஒட்டி லோங்காங்கின் குறுக்கே படுக்கவைத்தாள். இரண்டு கரையிலும் நன்றாகவே உட்கார்ந்தது. ஒருமுறை ஏறி நின்று மிதித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தாவூத் அந்தப் பலகையைப் பார்த்தபடி நின்றார். முதல் நாள் காகிதம் வெட்டும்போதே அவள் இந்த வாசலைத்தான் அளந்துகொண்டிருந்தாள் என்பது அவருக்கு இப்போது புரிந்தது. மனசு ஆறவைக்கும் வேலை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளோ வழி செய்துகொண்டிருந்தாள்.

ஷபீர் கதவருகே நின்றிருந்தான். இளைத்திருந்தான். "நான் ஆள் வெச்சு அனுப்பியிருப்பேனே" என்றான்.

"நீங்க செய்வீங்கன்னு காத்திருந்ததெல்லாம் போதும்" என்றாள் மஹ்ஜபீன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சுவரோரம் நின்ற மெஷினின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு, அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

கம்பெனிகளில் வைக்கிற பெரிய மெஷின் அது. மேசையும் மோட்டாருமாகச் சேர்ந்து ஒருவரால் அசைக்க முடியாத கனம். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குருங் தைத்துத் தைத்து அவள் சம்பாதித்தது. தாவூத் ஒரு பக்கம் குனிந்தார். மறுபக்கம், யாரும் கூப்பிடாமலே, ஷபீர் குனிந்தான்.

"மச்சான், நான்..." என்று தொடங்கினான்.

"கால் பார்த்து வைங்க" என்றார் தாவூத்.

வாசற்படி, பலகை, வண்டி. மெராந்தி ஒருமுறை முனகியது, வளையவில்லை. மாதக்கணக்காகத் தாவூத் இந்த மனிதனிடம் கேட்பதற்கென்று கடுமையான வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தார். கனத்தை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு நடந்தபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இறக்கிவைத்த பிறகும் வரவில்லை. உள்ளறையிலிருந்து ஒரு பெண்ணின் நிழல் திரைச்சீலைக்குப் பின்னால் அசைந்தது. மஹ்ஜபீன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நூல் பெட்டியையும் துணி மூட்டைகளையும் ஏற்றினாள், கயிறு போட்டாள், பக்கப் பலகையைத் தூக்கிச் சொருகினாள்.

"வரேன்" என்று வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டதைத் தாவூத் கவனித்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்காமல் ஓட்டினாள். தாவூத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின் அவளே பேசினாள்.

"கிள்ளானுக்குப் போகல நானா. பிரிக்பீல்ட்ஸ்ல வாணின்னு ஒருத்தங்க ரவிக்கை கடை வெச்சிருக்காங்க. எனக்கு ஜன்னல் பக்கம் இடம் தரேன்னாங்க. மெஷின் மட்டும் கொண்டுவரச் சொன்னாங்க."

"தினமும் எப்படிப் போவே?"

"கொமுட்டர் ரயில் இருக்குல்ல. ராத்திரி வீட்டுக்கு வந்துடுவேன். மச்சிகிட்ட சொல்லிட்டேன்."

தனக்கு மட்டும்தான் சொல்லவில்லை என்று அவருக்குச் சுருக்கென்றது. பிறகு, சொல்லியிருந்தால் தான் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தார்.

வாணியின் கடை ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரர்கள் இருவர் கைகொடுக்க, மெஷின் சுலபமாக உள்ளே போய்விட்டது. வாணி பிளக்கைச் சொருகினாள். மஹ்ஜபீன் "பிஸ்மில்லாஹ்" சொல்லிவிட்டு உட்கார்ந்து, ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தாள். தையல் நேராக விழுந்தது. இன்னொன்று ஓட்டினாள். அண்ணன் அங்கே நிற்பதையே மறந்துவிட்டவள் போலிருந்தாள்.

தாவூத் வெளியே வந்து வண்டியில் சாய்ந்து நின்றார். மூன்றாவது கடையின் காய்கறிக்காரர் வந்து, மரத்தைத் தடவிப் பார்த்தார், பலகையை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"பாஸ், என் வண்டிக்கும் இது மாதிரி ஒண்ணு வேணும். யார் செஞ்சது? நீங்களா?"

"என் தங்கச்சி" என்றார் தாவூத். "உள்ள தைச்சிக்கிட்டு இருக்கா. கொஞ்ச நேரம் கழிச்சுப் போய்க் கேளுங்க."