உறைமோர் வெளிச்சம்

செங் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் பாக்கியலட்சுமியின் வயிறு, மாசி மாதத்து இரண்டாம் செவ்வாய் மாலை ஏழு மணிக்கு நீல வெளிச்சம் விடத் தொடங்கியது. அன்று அவர்கள் குடியிருந்த தாமானில் எந்த வீட்டிலும் கரண்ட் இல்லை. அந்த வெளிச்சத்தில் அவள் கணவர் முனியாண்டி தொலைந்துபோன சட்டைப் பொத்தானைத் தேடி எடுத்தார். என்ன ஏது என்று மனைவியைக் கேட்கவில்லை.

காரணம் சிறியது. குடலில் புண் இருந்தால் காட்டிக்கொடுக்கும்படி ஆய்வுக்கூடத்தில் மாற்றியமைத்த நுண்ணுயிரிகளை ஒரு கம்பெனி தயிரில் கலந்து, பெயர் கொடுத்த தொழிலாளிகளுக்குத் தினம் ஒரு கிண்ணம் கொடுத்தது. மலம் நீலமானால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் தரக்கூடாது என்று கூடவே கொடுத்த தாளில் எழுதியிருந்தது. வீட்டில் இன்னும் இருவர் இருக்கும்போது தான் மட்டும் கிண்ணத்தை வழித்துத் தின்பது பாக்கியலட்சுமிக்கு எந்தக் காலத்திலும் பழக்கமில்லை. பாதியை எடுத்து, காய்ச்சி ஆறவைத்த பாலில் உறை ஊற்றினாள். குண்டான் நிறையத் தயிர் வந்தது. உறை கேட்டு வந்த அக்கம்பக்கத்தாருக்கும் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். எல்லாரும் தின்றார்கள். புண் அவளுக்குத்தான் இருந்தது, வெளிச்சமும் அவளுக்குத்தான் வந்தது. மலத்தோடு நிற்க வேண்டிய நீலம் சேலையைத் தாண்டி எப்படி வந்தது என்று கம்பெனி சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை.

மறுநாளே அவள் வயிற்றில் அம்மன் இறங்கியிருப்பதாக முடிவாகிவிட்டது. மஸ்ஜித் தானா, செர்காம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கார்கள் வந்தன. முனியாண்டி வாசலில் கூடாரம் போட்டு, வந்தவர்களின் செருப்புகளை வரிசையாக வைத்தார். கிளினிக்கில் வேலை பார்க்கும் மகள் அகல்யா மட்டும் காரைக் கிளப்பி, இன்ஜினை அணைக்காமல் ஓடி வந்தாள்.

"சாமி இல்லம்மா, உள்ள புண்ணு. வாம்மா, ஹாஸ்பிட்டல் பதினஞ்சு நிமிஷம்தான்லா."

பாக்கியலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பதினோரு வருசமா வயிறு வலிக்குதுன்னு சொன்னேன். யாரு கேட்டா? இப்பதான் சாப்பிட்டியான்னு கேக்குறாங்க. புண்ணு ஆறிட்டா இதுவும் நின்னுரும்மா."

கேட்காதவர்களில் தானும் ஒருத்தி என்பது அகல்யாவுக்குத் தெரியும். போய் இன்ஜினை நிறுத்தினாள். அந்த ஒரு காரியத்துக்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

வெளிச்சம் நாளுக்கு நாள் கூடியது, பாக்கியலட்சுமி நாளுக்கு நாள் இளைத்தாள். சித்திரை ஒன்பதாம் தேதி, எலுமிச்சை மாலையோடு உட்கார்ந்தபடியே இறந்தாள். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நுண்ணுயிரிகள் பிழையின்றி வேலை செய்தன, பங்கேற்புக்கு நன்றி என்றது. முனியாண்டி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எழுதும் எனக்கே வயிறு எரிகிறது.

அவள் கொடுத்த உறை இன்னும் அந்தத் தாமான் வரிசையில் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த வருடம் அதே வரிசையில் பவானேஸ்வரிக்கு வயிற்றில் வெளிச்சம் எரிந்தது, அதற்கடுத்த வருடம் மலர்விழிக்கு. இருவருக்கும் கூடாரம் போட்டார்கள். அகல்யா இரண்டு வீட்டு வாசலிலும் நின்று கத்திப் பார்த்தாள். இருவரையும் அந்தக் கூடாரங்களிலிருந்து பிணமாகத்தான் எடுத்தார்கள்.

போன ஐப்பசியில் முனியாண்டியின் வயிற்றில் நீலம் தெரிந்தது. அம்மன் என்றோ கற்பூரம் என்றோ ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அகல்யா, காடிய எடும்மா, சீக்கிரம்," என்று அவரே காரைக் காட்டிச் சொன்னார்.

பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு வாரத்தில் புண் ஆறியது, வெளிச்சமும் அணைந்தது. இப்போதும் மத்தியானச் சோற்றுக்கு அந்தத் தயிர்தான் வேண்டும் என்கிறார். புளிப்பு சரியாக இருக்கிறதாம். அகல்யா கரண்டியால் ஊற்றுகிறாள்.