வீட்டுக்கு ஒரு கை

எங்கள் நாம்சில் ஊர் மன்றத்தில் இரண்டு அறைகள். பெரியது ஆண்களுக்கு. நான்கைந்து பேர் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு சீட்டாடுவார்கள். சின்னது பெண்களுக்கு. ஜாடியில் அமுக்கிய கிம்ச்சி ஊறுகாய் மாதிரி நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஏன் இப்படி என்று கேட்டால், கட்டும்போதே அப்படித்தான் என்பார்கள். அடேயப்பா, என்ன ஞானம்!

பனி விழத் தொடங்கியதும் மல்சுன் அக்கா வருவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு முழங்கால் மடங்காது. காலை நீட்ட எங்கள் அறையில் இடமில்லை. எண்ணெய் எரித்துத் தரையைச் சூடாக்கித்தான் இங்கே குளிரைத் தாங்குவோம்; அது விற்கிற விலையில் பகலில் யாரும் வீட்டில் அதைச் செய்வதில்லை, மன்றத்தில்தான் சூடு. அவள் கணவர் குவாங்பில் மட்டும் தினமும் மன்றத்துப் பெரிய அறையில், சூடான மூலையில், ராஜா மாதிரி.

ஆண்டுக் கடைசி ஊர்க்கூட்டத்துக்கு அக்காவைக் கைத்தாங்கலாக இழுத்துவந்தேன். அறைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சையும் எடுத்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் நாங்கள் சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டிருப்போம். கை தூக்குவதெல்லாம் ஆண்கள் பாடு. ஊர்த்தலைவர் மன்சோக் தொண்டையைச் செருமினார். வீட்டுக்கு ஒரு கைதான், அதுவும் குடும்பத்தலைவர் கைதான், அந்தக் காலத்திலிருந்து வருகிற வழக்கம், போய் அடுப்பைப் பாருங்கள் என்றார்.

"சரிங்க தலைவரே. எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. இப்ப எங்க வீட்டுக்கு யாரு தலைவரு?" என்றேன்.

மன்சோக் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினார். அதற்குள் சமையலறையிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கரண்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கணவன் இல்லை. பாவம், மனுஷன் தன் வழக்கத்திலேயே மாட்டிக்கொண்டு முழித்தார்.

வாக்குவாதம் நீண்டது. சின்ன அறையில் டிவி இல்லையே என்று ஆண்கள் புலம்பினார்கள். தூக்கிக்கொண்டு போங்கள் என்றோம். கடைசியில் கைகளை எண்ணினால் இரண்டு பக்கமும் சரிசமம். குவாங்பில் மட்டும் எந்தப் பக்கமும் தூக்காமல் சீட்டுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். மல்சுன் அக்காவுக்குக் கை கிடையாது. கணவர் உயிரோடு இருக்கிறாரே!

அவள் கணவரைப் பார்த்துச் சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

"நீங்க இங்க வந்தப்புறம் சாயங்காலம் வரைக்கும் நான் போர்வைக்குள்ளயே கிடக்கேன். ஏன் வர்றதில்லனு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவளுக்குக் கூட்டம் பிடிக்காது என்று நினைத்ததாக அவர் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து அவரிடம் போனாள். அவர் மணிக்கட்டைப் பற்றி மேலே தூக்கினாள்.

"இது எங்க வீட்டுக் கை. இதுல எனக்கும் பங்கு உண்டு."

இது செல்லுமா என்று மன்சோக் தலையைச் சொறிந்தார். நிற்க முடியாமல் அக்கா கையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

குவாங்பில் கையை இறக்கவில்லை.