உட்கார்ந்த உயரம்

அந்தக் கார் எனக்குப் பத்தாது என்பது பார்த்த முதல் நிமிடத்திலேயே மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சிவப்பு நிறம், இரண்டே இருக்கைகள், என் விலா எலும்பைக்கூட எட்டாத கூரை. பதினான்கு வயதில் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து இந்தக் காரின் படத்தைக் கிழித்து என் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன். துணி எடுக்கும்போதெல்லாம் பார்ப்பேன். படத்தில் காருக்குள் யாரும் இல்லை. அதனால் அதில் யார் உட்கார முடியும், யாரால் முடியாது என்ற கேள்வியே எனக்கு வந்ததில்லை. இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. உயரம் ஆறடி ஒரு அங்குலம்.

காரின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். எழுபதை நெருங்குகிறவர், ஒல்லி, என் தோளுக்குத்தான் வருவார். காரைத் துடைத்துப் பளபளவென்று வாசலில் நிறுத்தியிருந்தார்.

"என் வீட்டுக்காரிக்கு முட்டி போயிடுச்சும்மா. ஏறிடறா. இறக்கறதுக்குத்தான் ரெண்டு ஆள் வேண்டியிருக்கு. அதான் விக்கறேன்" என்றார்.

நான் ஒரு காலை உள்ளே விட்டேன். பிறகு தலையை. மீதியை எப்படி விடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

"முதல்ல உட்காரு. அப்புறம் காலை மடக்கி உள்ள இழு" என்றார் பின்னால் நின்ற என் கணவர்.

"இழுத்துக்கிட்டேதாங்க இருக்கேன்."

"இன்னும் எவ்வளவு பாக்கி?"

ஒருவழியாக உள்ளே போய்விட்டேன். முழங்கால்கள் ஸ்டீயரிங்கின் இருபுறமும் முட்டின. உச்சந்தலை கூரையில் இடித்ததால் கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு சரியாக என் கண்ணுக்கு நேரே ஓடியது. எதிர்வீட்டின் கதவு தெரிந்தது, மாடி தெரியவில்லை. ஆனாலும் ஸ்டீயரிங்கின் தேய்ந்த தோலில் பட்ட கையை எடுக்க மனம் வரவில்லை.

"வசதியாத்தான் இருக்கு" என்றேன்.

டாக்டர் ஜன்னல் வழியாகக் குனிந்து என்னைப் பார்த்தார். வலிக்கவே இல்லை என்று சொல்லும் வாய்களை நாற்பது வருடமாகப் பார்த்துப் பழகிய பார்வை.

"ஷெட்ல நிறுத்திவெச்சு அழகு பாக்கறவங்களுக்கு நான் இதைத் தரமாட்டேன். ஓட்டறவங்களுக்குத்தான். நான் பக்கத்துல உட்கார்ந்து வர்றேன், நீங்க ஒரு மணி நேரம் ஓட்டுங்க. இறங்கும்போது சிரிச்சுக்கிட்டே இறங்கினா வண்டி உங்களுது. அடுத்த திங்கட்கிழமை இன்னொருத்தர் பாக்க வர்றார். அதுக்குள்ள சீட்டை என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க. ஆனா கழட்டறது எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. நீங்க வாங்கலைன்னா பழையபடி மாட்டணும்."

ஒரு வாரம். அவ்வளவுதான் எனக்கு இருந்தது.

குஷன் கடைக்கு அந்தக் காரை ஓட்டிவந்தவர் என் கணவர். அவர் ஐந்தடி ஐந்து அங்குலம். உறைக்குள் கடிதம் போவதுபோல ஒரே மூச்சில் உள்ளே போய் உட்கார்ந்தார். கார் என்றால் நாலு சக்கரம் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர். எங்கள் வீட்டு வண்டியில் நான் அவர் பின்னாலேயே போனேன். சிக்னலில் அவருடைய பின்தலை அந்தக் கூரைக்குக் கீழே தாராளமாக ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பரவாயில்ல. தரையில உட்கார்ந்து போற மாதிரி இருக்கு" என்றார், பேருந்து இருக்கையைப் பற்றிச் சொல்வதுபோல.

குஷன் கடை என்பது ஒரு தகரக் கொட்டகை. தரையெல்லாம் வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகள். கடைக்காரர் கழுத்தில் டேப்பை மாலைபோலப் போட்டிருந்தார். காரைச் சுற்றிவந்தார், என்னையும் ஏறக்குறைய சுற்றிவந்தார்.

"குட்டையா இருக்கறவங்களுக்குத் திண்டு வெச்சுக் குடுத்திருக்கேன் மேடம். வெட்டிக் குடுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

"முடியுமா?"

"முடியும். உங்க உயரம் சொல்லுங்க" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் கையை ஆட்டினார். "வேணாம் வேணாம். நின்ன உயரம் எதுக்கு? காருக்குள்ள யாரும் நிக்கறதில்லை. உட்கார்ந்த உயரம்தான் கணக்கு."

சுவரோரமாக ஒரு மர முக்காலியைப் போட்டார். என் உயரத்தை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்த உயரத்தை யாரும் கேட்டதில்லை. அது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. முதுகைச் சுவருக்குக் காட்டி உட்கார்ந்தேன்.

"நேரா உட்காருங்க மேடம்."

"நேராத்தானே உட்கார்ந்திருக்கேன்."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சுவரில் சாய்த்துவைத்திருந்த ரெக்சின் சுருள்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் என் தலைமேல் ஒரு ஸ்கேலை வைத்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். "ஸ்பாஞ்சை ரெண்டு இன்ச் செதுக்கினா போதும். வெள்ளிக்கிழமை வாங்க."

அந்த வாரம் முழுக்க நான் சுறுசுறுப்பாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நெஞ்சுப் படத்துக்கு வருகிறவர்களைப் பலகையின் முன் நிறுத்தி, பலகையை அவர்கள் உயரத்துக்கு ஏற்றியோ இறக்கியோ வைத்து, தினம் ஐம்பது தடவை அதே வார்த்தைகளைச் சொல்வேன். நிமிர்ந்து நில்லுங்க. தாடையை மேல வைங்க. மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. சொல்லிவிட்டு, கதவு எனக்கு எவ்வளவோ உயரமாக இருந்தும், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவேன். எல்லாக் கதவுக்கும் குனிவேன். பழக்கம்.

பள்ளியில் எனக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். போட்டோ எடுக்கும்போதெல்லாம் அம்மா என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துவாள். திட்டமாட்டாள். அழுத்துவாள், அவ்வளவுதான். திருமணமான புதிதில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனபோது என் கணவர், "நீ ஒரு படி கீழ நின்னுக்கறியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார், நானும் சிரித்துக்கொண்டே நின்றேன். இருபத்து மூன்று வருடமாயிற்று. அவர் அதை மறந்திருப்பார். நான் அந்தப் படியிலிருந்து இன்னும் ஏறவில்லை என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன். இது கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எப்போதோ கேட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காரில் உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கும் கூரைக்கும் நடுவே என் கணவர் இரண்டு விரலை விட்டு, "காத்து போகுது" என்றார். கடைக்காரர் சல்யூட் அடித்தார்.

சனிக்கிழமை காலை டாக்டர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கிளப்பினேன்.

முதல் பதினைந்து நிமிடம் தெருக்கள், வளைவுகள், ஒரு பள்ளிக்கூட வாசல். நான் பயந்து பயந்து ஓட்டினேன். பிறகு ஊர் முடிந்து அகலமான சாலை வந்தது. மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றியதும் கார் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டதுபோல இறங்கி ஓடியது. அலமாரிக் கதவில் இருந்த படத்துக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். வெகு காலமாக எனக்குள் எதுவோ மடிந்து கிடந்தது. அது பிரிவதுபோல இருந்தது. என்னவென்று யோசிப்பதற்குள் தலை கூரையில் டொக்கென்று இடித்தது.

"என்ன சத்தம்?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

என் முதுகு நிமிர்ந்திருந்தது. நான் நிமிர்த்தவில்லை, சந்தோஷத்தில் தானாக நிமிர்ந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது, அந்த முக்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று. கடைக்காரர் சரியாகத்தான் அளந்தார். நான் காட்டிய ஆளை அளந்தார்.

தோளைச் சுருக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். தலை கூரையை விட்டு இறங்கியது. இன்னும் நாற்பது நிமிடம் இப்படியே போனால் போதும், கார் என்னுடையது. எனக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. முப்பத்தைந்து வருட அனுபவம். ஒரு வளைவு. ஒரு பாலம். கார் அதே வேகத்தில்தான் போனது. ஆனால் சற்றுமுன் இருந்தது இப்போது இல்லை. ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று எட்டிப் பார்க்கிறவள்போல என் காரை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலையோரம் நிறுத்தினேன்.

"டாக்டர், எனக்கு இது பத்தல. நிமிர்ந்தா இடிக்குது."

"அப்போவே டொக்குன்னுச்சே."

"குனிஞ்சுக்கிட்டு ஓட்டிடலாம்னு பாத்தேன்."

"ஓட்டியிருந்தா குடுத்திருப்பேன்" என்றார் அவர். பிறகு, முன்னால் போகும் லாரியைப் பார்த்தபடியே, "என்கிட்ட வர்றவங்க எல்லாம் வலி தாங்க முடியாம போனப்புறம்தான் வலிக்குதுன்னு சொல்வாங்க. நீங்க கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டீங்க. திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் வர்றார். அதுவரைக்கும் வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவரை வீட்டில் இறக்கிவிட்டு நேராகக் குஷன் கடைக்குப் போனேன். போகிற வழியில் என் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். எனக்கு முன்பே அவர் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார்.

மறுபடியும் முக்காலி. சுவரில் பழைய சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது.

நிமிர்ந்து உட்கார முயன்றேன். விநோதம், வேண்டும் என்று நினைத்தபோது வரவில்லை. கழுத்து நிமிர்ந்தால் தோள் வரவில்லை, தோள் வந்தால் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. கடைக்காரர் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

என் கணவர் எதிரில் வந்து நின்றார். "நிமிர்ந்து உட்காருங்க" என்றார், என் வேலைக் குரலில். "தாடையை மேல வைங்க. மூச்சை இழுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்கக் கூடாதும்மா, படம் கலங்கிடும். இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

பிடித்தேன். சாக்பீஸ் சுவரில் உரசும் சத்தம் என் தலைக்கு மேலே கேட்டது.

"மூச்சை விடுங்க."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கோடுகள். நடுவே இரண்டரை அங்குலம்.

"மொதல்ல வந்தது உங்க தங்கச்சியா மேடம்?" என்றார் கடைக்காரர்.

அவர் காரடியில் டார்ச்சோடு படுத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்தபடி நின்றோம்.

"அன்னைக்கு நான் குனிஞ்சு உட்கார்ந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே."

அவர் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைக் காலால் நகர்த்தினார். "ஸ்டுடியோவுல அன்னைக்கு ஒரு படி கீழ நிக்கச் சொன்னேனே, அப்பலேருந்து தெரியும். சொன்னா நிமிர்ந்துடுவியோன்னுதான் சொல்லல." அந்தத் துண்டைத் திரும்பவும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "தப்புதான்" என்றார்.

அவர் மறந்திருப்பார் என்று இத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைவு வைத்துக்கொண்டு சும்மா இருந்தவரை என்ன சொல்வது? அதற்குள் கடைக்காரர் காரடியிலிருந்து தலையை நீட்டினார்.

"ஸ்பாஞ்சுல இனிமே செதுக்க ஒண்ணுமில்லை. அடியில இருக்கற இரும்புச் சட்டம், சீட்டு முன்னாடி பின்னாடி நகர்ற தண்டவாளம், எல்லாத்தையும் கழட்டிட்டுத் தரையோட முடுக்கணும். அப்போ இடம் கிடைக்கும். ஆனா ஒண்ணு. சீட்டு நகராது. உங்க காலுக்கு வெச்சா வெச்சதுதான். உங்களைத் தவிர வேற யாரும் இந்த வண்டியை ஓட்ட முடியாது."

"சாரும் ஓட்ட முடியாதா?"

"சாருக்கு பிரேக் எட்டாது."

என் கணவரைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். "நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்."

"முடுக்கிடுங்க" என்றேன்.

கழற்றிய சட்டத்தையும் தண்டவாளத்தையும் ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் வைத்துக்கொடுத்தார், டாக்டர் சொன்னபடியே.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரோடு மறுபடியும் அதே சாலை, அதே பாலம். இம்முறை என் முதுகு அதன் இஷ்டத்துக்கு இருந்தது. அடியில் இருப்பது தரைதான் என்பது ஒவ்வொரு பள்ளத்திலும் தெரிந்தது. இறங்குவதற்கு முதலில் கையை ஊன்றி, பிறகு ஒவ்வொரு காலாக வெளியே எடுத்தேன். முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் உற்றுப் பார்த்தார். "போதும், கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியுது" என்று சாவியை என் கையிலேயே விட்டுவிட்டார். டிக்கியில் இருந்த சாக்கைக் காட்டி, "நினைவுக்கு நீங்களே வெச்சுக்கங்க" என்றார்.

டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்த என் கணவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய இருக்கை பழைய உயரத்திலேயே இருந்தது. நான் தரையில்.

கடைத்தெரு முனையில் சிவப்பு விளக்கு. நிறுத்தினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றவர், சற்று எம்பினார். "உன் வகிடு தெரியுது."

"தெரிஞ்சா?"

"நான் பாத்ததே இல்ல. நடுவுல நரைச்சிருக்கு."

"ரொம்ப நாளாச்சு நரைச்சு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இத்தனை நாளா உன் தாடையைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். தயங்கித் தயங்கி ஒரு விரலை நீட்டி, என் வகிட்டின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. நெற்றியிலிருந்து பின்னால் ஒரு முறை மெதுவாக ஓட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்.

நான் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். முன்கண்ணாடி வழியாகக் கம்பமும் அதன் மேலிருந்த விளக்கும் முழுதாகத் தெரிந்தன. பச்சை விழுந்ததைக் குனியாமலே பார்த்தேன். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடிக்கும்வரை கியரைப் போடவில்லை.