இஞ்சின் நின்ற சத்தம்

ஷிஃபானா வகுப்பில் இன்னொரு பிள்ளையின் கையைக் கடித்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து அழைத்துச் சொன்னபோது நஸ்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு வயது மகள். முன்பெல்லாம் குசினிக்குள் வரும் பூனையைக்கூட விரட்டத் தெரியாதவள்.

எல்லாம் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். நிலாவெளியில் இருந்து மீனுக்குப் போன கணவன் ரிஷாதின் படகு, இஞ்சின் பழுதாகி, காற்று இழுத்த பக்கமெல்லாம் போனது. நாட்கணக்கில் தகவல் இல்லை. வீடு நிறைய ஆட்கள் கூடியிருந்தார்கள். நஸ்ரியா தொழுகைப் பாயை விட்டு எழும்பவில்லை. கடைசியில் வேறொரு படகு கண்டு, கட்டி இழுத்து வந்தது. உதடு வெடித்து, தோல் கருகி, ரிஷாத் உயிரோடு வந்து சேர்ந்தபோது எல்லாரும் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஷிஃபானா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றாள். அன்றிலிருந்து அவள் வாப்பாவோடு கதைப்பதில்லை.

திருகோணமலை டவுனில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு வாசிகசாலை மண்டபம். அங்கே சனிக்கிழமைகளில் மாகிரட் என்ற இளம் ஆசிரியை சிறுபிள்ளைகளைப் படம் கீறவும் பாடவும் வைக்கிறாள் என்று கேள்விப்பட்டு, நஸ்ரியா மகளை பஸ்ஸில் கூட்டிப் போனாள்.

"மனசுக்குள்ள கிடக்கிறதைப் பிள்ளைகளுக்கு வாயால சொல்ல ஏலாது," என்றாள் மாகிரட். "கையால சொல்லட்டும்."

முதல் நாள் ஷிஃபானா கடதாசி கிழியும்வரை நீலச் சோக்கை அழுத்தித் தேய்த்தாள். மாகிரட் ஏசவில்லை. தடித்த மட்டையொன்றை எடுத்துக் கொடுத்தாள். "இது கிழியாது மகள். எவ்வளவு வேணுமெண்டாலும் அமத்துங்கோ."

சில வாரங்கள் கழித்து, நடுவில் ஒரு றபான் மேளத்தை வைத்து, "கோபம் வந்தா அது என்ன சத்தம் போடும்? அடிச்சுக் காட்டுங்கோ," என்று கேட்டாள். பிள்ளைகள் போட்டிபோட்டு அறைந்தார்கள். ஷிஃபானாவின் முறை வந்ததும் மற்றவர்கள் முன்கூட்டியே காதைப் பொத்தினார்கள். அவளோ ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினாள். டுக்... டுக்... இடைவெளி நீண்டு நீண்டு, நின்றுவிட்டது.

"இது என்ன சத்தம்?"

"வாப்பாட இஞ்சின் நிக்கிற சத்தம்."

பக்கத்தில் இருந்த அஞ்சலோ என்ற பையன் யோசித்துவிட்டு, "அது கோபமில்லையே. பயமெல்லோ?" என்றான்.

ஷிஃபானா அவனை முறைத்தாள். பிறகு முகம் கோணியது. "ஓம்," என்று சொல்லி அழத் தொடங்கினாள். படகு கரைக்கு வந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாகிரட் சொல்லியனுப்பி ரிஷாத் வந்தான். பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் கூச்சத்தோடு குந்தினான். "எனக்கு இதெல்லாம் தெரியாது ரீச்சர்."

"தெரியத் தேவையில்லை. கடல்ல என்ன சத்தம் கேட்டதெண்டு மகளுக்குக் காட்டுங்கோ."

படகை எங்கே கண்டார்கள், எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருந்தது என்றெல்லாம் ஊரே அவனிடம் கேட்டிருந்தது. இதை யாரும் கேட்கவில்லை. ரிஷாத் சுற்றிப் பார்த்தான். வர்ணம் கரைக்கும் வாளியைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் ஓங்கி அடித்தான்.

"தண்ணி கொண்டுபோன பிளாஸ்டிக் கானுக்கு இப்படித்தான் அடிச்சுக்கொண்டே இருந்தனான். போற கப்பலுக்குக் கேக்கட்டும் எண்டு. கை வீங்கிப் போச்சு மகள். நல்லாப் பயந்துபோனன்."

"வாப்பாவும் பயந்தீங்களா?"

"ஓம். உன்னை இனிக் காண ஏலாதெண்டு நினைச்சன்."

அவள் கிட்ட வந்து அவனுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ பயப்பிடுவாயெண்டு."

"நான் அப்பவும் பயந்தனான்தானே!"

ரிஷாத் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. பிறகும் ஒரு நாள் அவள் பள்ளிக்கூட வகுப்பில் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டாள். ஆனால் தானாகவே ஆசிரியையிடம் போய், "எனக்கு உள்ளுக்குள்ள பயமா இருந்தது," என்று சொன்னாள்.

இஞ்சினைத் திருத்தி ரிஷாத் மறுபடி கடலுக்குப் புறப்பட்ட காலையில், வாசலில் அவன் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க வாப்பா. பயம்."

"எனக்கும் கொஞ்சம் பயம்தான். பின்னேரம் வந்திருவன்."

அவன் போனதும் உம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். அழாதே என்று நஸ்ரியா சொல்லவில்லை. அழுது முடிந்ததும் ஷிஃபானா ரொட்டி கேட்டாள். இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டாள். பள்ளிக்கூடம் போனாள்.

பின்னேரம் படகு கரை சேர்ந்தபோது, முழங்கால் தண்ணீரில் முதலில் இறங்கியவள் அவள்தான். அஞ்சலோ கீறிய கோணல் யானையைப் பற்றி வாப்பாவிடம் சொல்லத் தொடங்கியவள், வீடு வந்த பிறகும் நிறுத்தவில்லை.