நியான் மீன்கள் எதற்குக் கூடின

என் மனைவி மாய்கெ மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. இந்த எழுத்து தெளிவா, அது தெளிவா என்று பகல் முழுக்க ஊராரைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். வந்ததும் கூடத்தில் இருக்கும் மீன்தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். அதன் பிறகு அவளிடம் பேசுவதானால் அவள் முதுகோடுதான் பேசவேண்டும்.

எங்கள் ஊரான பொல்ஸ்வர்டில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் பொதுச்சுவரால் ஒட்டிக்கொண்டு நிற்பவை. தொட்டி பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. மற்ற சுவர்களில் ஒன்றை ஜன்னலும் இன்னொன்றை ஹீட்டரும் பிடித்துக்கொண்டுவிட்டதால் அதற்கு வேறு இடமில்லை.

தொட்டி நிறைய நியான் டெட்ராக்கள். சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. உடம்பில் ஒரு நீலக்கோடு, அதற்குக் கீழே சிவப்பு. வாங்கிவந்த புதிதில் எல்லாம் ஒரே கொத்தாக, ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பின. பழகப் பழகப் பிரிந்துவிட்டன. ஒன்று மரவேரின் அடியைத் தன் இடமாக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறவனையெல்லாம் விரட்டும். சில, ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் எதிர்த்து நீந்தி விளையாடும். மீதி, செடிகளுக்கிடையே வேலைவெட்டி இல்லாமல் அலையும்.

"நம்ம வீடு மாதிரியே ஆயிடுச்சு. ஒரே கூரை, ஆளுக்கொரு மூலை" என்றேன் ஒருநாள்.

"அப்படின்னா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம்" என்றாள் மாய்கெ, திரும்பாமல்.

நான் பால் ஆலையில் காலை ஷிஃப்ட். மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பது நான் மட்டும்தான். இலையுதிர் காலம் தொடங்கியிருந்த ஒரு பிற்பகலில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தொட்டிப் பக்கம் பார்த்தேன். ஒரு மீனைக்கூடக் காணவில்லை. குனிந்து தேடினால், வேருக்குப் பின்னால் இடது மூலையில் அத்தனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறையாக நெருக்கி நின்றன. நீலக்கோடு மங்கிப் பழுப்பாகியிருந்தது. சற்று நேரத்தில், எதுவுமே நடக்காததுபோல அவை தானாகக் கலைந்துவிட்டன.

மாலையில் சொன்னேன். மாய்கெ கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன பண்ண?"

"ரொட்டி தின்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ரொட்டி அறுத்தேன்."

அவள் நம்பவில்லை. தண்ணீரைச் சோதித்தாள். சூட்டைப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த வாரத்தில் இன்னும் இரண்டொரு முறை அதே மாதிரி நடந்தது. ஒவ்வொரு தடவையும் பிற்பகலில், நான் தனியாக இருக்கும்போது. சந்தேகம் என்மேல் இறுகியது. சனிக்கிழமை என் சிவப்பு ஸ்வெட்டரைப் போடச்சொல்லி, தொட்டிக்கு முன்னால் போகவும் வரவும் வைத்தாள். பிறகு வேலைக்குப் போகும் பூட்ஸ். பிறகு ஒரு கையில் ரொட்டிக் கத்தி. மீன்கள் எங்களைச் சட்டை செய்யவில்லை.

"நான் ஆள் நல்லவன்தான் போல" என்றேன்.

"இன்னும் வாக்குவம் க்ளீனர் பாக்கி இருக்கு" என்றாள்.

கடைசியில் அவள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்த ஒரு பிற்பகலில்தான் அது அவள் கண்ணில் பட்டது. நான் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பேசாதே என்று கை காட்டினாள். மீன்கள் மூலையில் ஒடுங்கி நின்றன. அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். என் கையையும் இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். தூரத்தில் லாரி போகும்போது ஜன்னல் அதிருமே, அதைவிட மெல்லிய ஒரு நடுக்கம். காதில் எதுவும் விழவில்லை. நடுக்கம் நிற்கும், மறுபடி வரும். சுவரிலும் அது இருந்தது.

"ஹிஸ்கெ வீடு" என்றாள்.

பக்கத்து வீட்டுக்கு ஹிஸ்கெ டைக்ஸ்ட்ரா வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. கணவரை இழந்தவர், தபால் அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். துணி துவைக்கும் மெஷின் கால் ஆடுகிறதாக்கும், ஒரு அட்டையை மடித்து அடியில் வைத்துக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டு போனோம்.

கதவைத் திறந்தவரின் உதட்டைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது. எங்களைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"கேட்டுச்சா உங்களுக்கு? குளியல் துண்டு ரெண்டை அடைச்சு வெச்சேனே."

"எங்களுக்கு ஒன்னும் கேக்கல" என்றாள் மாய்கெ. "எங்க மீனுக்குத்தான் கேட்டுச்சு."

உள்ளே சோபாவில் ஒரு டியூபா சாய்ந்து கிடந்தது. ஊர் பித்தளை வாத்தியக் குழுவில் இருப்பதிலேயே பெரியது. மடியில் குழந்தைபோல் தூக்கி வைத்து ஊதுவார்கள், அடிவயிற்றிலிருந்து பேசும். அதன் வாய்க்குள்ளிருந்து பூப்போட்ட துண்டின் நுனி தொங்கியது. குழுவில் டியூபா வாசித்தவர் ஊர் மாறிப் போய்விட்டார், அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள், இவர் யாரிடமும் சொல்லாமல் பழகிக்கொண்டிருக்கிறார் என்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"இந்த வயசுல மாடு கத்துற மாதிரி ஊதிக்கிட்டு இருக்கேன்னு ஊர் சிரிக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மீன் என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

வந்து பார்த்தார். பார்த்தவருக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அந்த மாதம் முழுக்க எங்கள் கூடம் சோதனைக்கூடமாகத்தான் இருந்தது. ஹிஸ்கெ அவர் வீட்டில் ஊதுவார், மாய்கெ இங்கே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பாள், நான் பின்வாசலில் நின்று இருவருக்கும் தூது. மேல் சுரங்களுக்கு மீன்கள் அசையவில்லை. கீழே இறங்க இறங்கத் தலையைத் திருப்பின. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தாழ்ந்த ஒரு சுரத்துக்குத்தான் ஓடிப்போய் ஒடுங்கின. ஏன் அந்த ஒன்றுக்கு மட்டும்? சுவரா, தொட்டி நிற்கும் அலமாரியா, தண்ணீரா? மாய்கெ அலமாரிக் கதவைத் திறந்துவைத்துப் பார்த்தாள், மூடிப் பார்த்தாள். முடிவு தெரியவில்லை. ஊதி முடித்ததும் ஹிஸ்கெ இங்கே ஓடிவந்து, "இப்ப எப்படி?" என்று கண்ணாடியில் முகத்தை வைப்பார். எங்களோடு அவர் தங்கை, அவர் தங்கையின் கணவர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள்.

"இன்னும் என்ன நீங்க, வாங்கன்னு மரியாதை? ஹிஸ்கென்னு பேர் சொல்லி, நீன்னே கூப்பிடு" என்றார் அவர் ஒருநாள் மாய்கெயிடம். அன்றிலிருந்து அவள் அப்படியே கூப்பிட்டாள்.

மீன்களுக்குத் தொல்லை வேண்டாம் என்று, சோதனை முடிந்ததும் ஹிஸ்கெ டியூபாவை மாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டார். மீன்கள் பழையபடி ஆளுக்கொரு மூலையாயின.

எங்கள் பகுதி மீன்வளர்ப்போர் சங்கத்தில் வருடத்துக்கொரு முறை நடுவர் வீடு வீடாக வந்து தொட்டிகளைப் பார்த்து மதிப்பெண் போடுவார். மாய்கெ அந்த வருடம்தான் முதல்முறையாகப் பெயர் கொடுத்திருந்தாள். நடுவர் ரூலோஃப்ஸ் வந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். உயரமான மனிதர், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டிக்குப் போய்க் குனிந்தார். ஹிஸ்கெயும் வேடிக்கை பார்க்க வந்து காப்பிக் கோப்பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"செடி அருமை. தண்ணி இருக்கிறதே தெரியல" என்றார் ரூலோஃப்ஸ். "ஆனா கூட்டம் எங்க?"

"எல்லாம் உள்ளதான் இருக்கு சார்" என்றாள் மாய்கெ.

"இருக்கு. சொத்துத் தகராறுல இருக்கிற அண்ணன் தம்பிங்க மாதிரி இருக்கு. நியான்னா சேர்ந்து போகணும்மா. கூட்டத்துக்குத் தனி மார்க்கு உண்டு."

மாய்கெயின் காது மடல் சிவந்தது எனக்குத் தெரிந்தது. ஹிஸ்கெ கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"அடுப்புல சூப் வெச்சிருக்கேன், பாத்துட்டு வந்துடறேன்."

அவர் போய்ச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். வேரடியில் காவல் காத்தது முதலில் தலையைத் திருப்பியது. பிறகு, நூலைப் பிடித்து இழுத்ததுபோல எல்லாப் பக்கத்திலிருந்தும் மீன்கள் வந்து சேர்ந்தன. வெளிச்சம் நேராக விழும் இடத்தில், நிறம் மங்குவதற்கு முந்தைய அந்தக் கணத்தில், நீலமாக ஒரு கொத்து. எனக்கே அது அழகாகத்தான் இருந்தது.

"ஆங். இதத்தான் சொன்னேன்" என்று ரூலோஃப்ஸ் பேனாவை எடுத்தார்.

"அத எழுதாதீங்க சார்" என்றாள் மாய்கெ.

"ஏன்?"

"அது பயம். பக்கத்து வீட்ல டியூபா ஊதுறாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நடுக்கம் ஓய்ந்ததும் மீன்கள் கலைவதைக் குனிந்தபடியே கடைசிவரை பார்த்தார். பிறகு மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"ஒன்னு கேக்கறேன். நான் உள்ள வந்தப்ப இதுங்க ஏன் ஒடுங்கல?"

"பழகிடுச்சு சார். ஒரு மாசமா யார் யாரோ வந்து கண்ணாடில மூஞ்சிய வெச்சாங்க. உங்கள பத்தோட பதினொன்னா நெனச்சிருக்கும்."

ரூலோஃப்ஸ் பேனாவைச் சட்டைப்பைக்குள் செருகினார்.

"மத்த வீட்ல அப்படி இல்ல" என்றார் பிறகு. "யாரும் வந்து போகாத வீடுங்க. நான் இந்த உயரத்துல, இந்தக் கோட்டோட, நேராப் போய்க் குனியறேன். கூட்டம் பிரமாதமா இருக்கும். மார்க்கு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன். அப்ப நான் இத்தன நாளா எதுக்கு மார்க்கு போட்டேன்? என்னப் பாத்து பயந்ததுக்கா?"

"எல்லா மீனும் அப்படின்னு சொல்ல முடியாது. சிலது எப்பவுமே சேர்ந்துதான் போகும்."

"எது எப்படின்னு எனக்குத் தெரியாதே. அதான் சங்கதி."

ஹிஸ்கெ முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பி வந்தார். "சூப்ப இறக்கி வெச்சுட்டேன்" என்றவரின் உதட்டைச் சுற்றியிருந்த சிவப்பு வட்டத்தை ரூலோஃப்ஸ் உற்றுப் பார்த்தார்.

"நல்ல சூப் போலிருக்கு" என்றார்.

ஹிஸ்கெ என்னைப் பார்த்தார், மாய்கெயைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "உதவியா இருக்கும்னுதான். கூடத்துக்கு எடுத்துட்டு வந்து ஊதினேன். தப்புதான்."

"தப்பா இல்லையான்னு அப்புறம் பேசலாம். அந்தச் சுரத்த இன்னொரு தடவ ஊத முடியுமா? நான் இந்தத் தடவ தள்ளி உக்காந்து பாக்கறேன்."

"வேணாம் சார்" என்றாள் மாய்கெ. "இன்னிக்கு அதுங்க போதுமான அளவு பயந்தாச்சு."

அவர் முகம் சுருங்கியது, ஆனாலும் தலையாட்டினார். டியூபாவையாவது பார்க்கலாமே என்று ஹிஸ்கெ எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அடுத்துப் பார்க்கவேண்டிய தொட்டிக்காரர் இரண்டுமுறை போன் செய்த பிறகுதான் நடுவர் கிளம்பினார்.

மதிப்பெண் அவர் முதலில் கண்டதற்குத்தான். பட்டியலில் நாங்கள் பாதிக்குக் கீழே போனோம். சங்கக் கூட்டத்தில் பரிசு வாங்கியவர்களுக்கு மாய்கெ கைதட்டினாள். வருத்தமா என்று திரும்பும் வழியில் கேட்டேன். கொஞ்சம் என்றாள். ஹிஸ்கெமேல் அவளுக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. ஹிஸ்கெ ஒரு ஆப்பிள் கேக் செய்து கொண்டுவந்து கொடுத்ததும் அது தீர்ந்தது.

மறுவருடம் ரூலோஃப்ஸ் தன் முறையை மாற்றிக்கொண்டார். கோட்டை வாசலிலேயே மாட்டிவிட்டு, தொட்டிக்கு எதிர்க்கோடியில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். நெடுநேரம் காத்திருந்த பிறகுதான் எழுந்து கிட்டே போனார். ஒரு பகலில் முடிகிற வேலை பல வாரங்களுக்கு இழுத்தது. மனிதர் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியும் நகரமாட்டேன் என்கிறார், பிஸ்கட் டப்பாவை இரண்டாம் முறை நீட்டவேண்டியிருக்கிறது என்று சங்கத்தில் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு வீடு முடிந்ததும் அவர் மாய்கெக்குப் போன் செய்வார். ரஸ்போரா மீன்கள் கடைசிவரை சேர்ந்தே இருந்தன, அதற்கு மனதார மதிப்பெண் போட்டேன் என்பார். இன்னொரு வீட்டில் கலையவே இல்லை, பயமா பாசமா என்று இன்றும் தெரியவில்லை என்பார்.

ஒருநாள் போன் வந்தபோது மாய்கெ ஒலிபெருக்கியைப் போட்டாள். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"இன்னிக்கு நாற்காலிலயே தூங்கிட்டேன்மா. அசந்து தூங்கிட்டேன்."

"மீன்?"

"பிரிஞ்சு வந்து அதது பாட்டுக்கு மேஞ்சுதாம். ரெண்டு சண்டைகூடப் போட்டுச்சாம்."

"தூங்கினீங்கன்னா எப்படித் தெரியும்?"

"அந்த வீட்டம்மா பாத்தாங்க. என்ன எழுப்ப வேணாம்னு அசையாம உக்காந்திருந்தாங்களாம். எப்பவும் தீனி டப்பாவோட கிட்டப் போய்த்தான் பாப்பாங்களாம். சொந்தத் தொட்டிய இப்படிப் பாத்தது இதுதான் முதல் தடவன்னு சொன்னாங்க."